பெத்ரோ ஏன் உட்கார்ந்தார்?

நான் எவரையும் இலேசில் நம்புவதில்லை. அதற்காகத்தான் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் சம்பளம் தந்தார்கள். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்ப்பேன். "இஞ்சாருங்கோ, அது முட்டை. அது ஒருத்தரையும் குத்தாது" என்று என் மனைவி சாந்தி கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்.

போன மாதம் மெல்பேர்ணின் மறுகோடி டார்னெய்ட்டிலிருந்து நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். நான் இந்த வருடம் ஓய்வு பெற்ற பிறகு குத்துச்சண்டை ஆய்வாளராகச் சேர்ந்தவள். தமிழ்நாட்டுப் பிள்ளை, கிழமை நாட்களில் பிசியோதெரபிஸ்ட் வேலை.

"அங்கிள், இனிமே டிரெஸ்ஸிங் ரூம்ல எல்லாம் கேமரா வைக்கப் போறாங்களாம். அப்புறம் உள்ள ஒரு ஆள் எதுக்குன்னு மீட்டிங்ல கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

இதை என்னிடம் கேட்கச் சொல்லி யார் அனுப்பியிருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் யோசனை ஓடியது. பிறகுதான் தராஸ் என்ற வீரனின் ஞாபகம் வந்தது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அது அவளுக்கான பதிலாக மட்டும் நிற்கவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டுக் கிளம்பிய ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் குத்துச்சண்டை செய்திருந்தேன். மூக்கு இரண்டு தரம் உடைந்ததைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. மெல்பேர்ணில் கார் பிரேக் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர் வேலை கிடைத்தது. சனி, ஞாயிறுகளில் அமெச்சூர் போட்டிகளில் மேசை தூக்கவும் மணி அடிக்கவும் போனேன். பரீட்சை ஒன்று எழுதி, தொழில்முறைப் போட்டிகளுக்கு ஆய்வாளர் ஆனேன். இவ்வளவுதான் என் படிப்பு.

ஆய்வாளர் என்றதும் பலர் நடுவரை நினைக்கிறார்கள். நடுவர் வளையத்துக்குள் நிற்பவர், அவரை எல்லோரும் பார்ப்பார்கள். நாங்கள் உடை மாற்றும் அறைக்குள் நிற்பவர்கள். வீரன் உள்ளே வந்ததிலிருந்து வளையத்தில் ஏறும் வரை அவனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. முதலில் வெறுங்கையை வாங்கி முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். பிறகு பயிற்சியாளர் துணிக்கட்டுச் சுற்றத் தொடங்குவார். அதன் மேல் ஒட்டும் டேப் வரும். விரல் முட்டியின் மேல் டேப் வரக் கூடாது. சுற்றி முடிந்ததும் அந்தக் கையை விரித்து மடக்கச் சொல்லி, முட்டி முட்டியாக என் பெருவிரலால் அமர்த்திப் பார்ப்பேன். உள்ளே சுண்ணச்சாந்து மாதிரி எதையாவது வைத்து நனைத்திருந்தால் காய்ந்து கல்லாகிவிடும், விரலுக்கு அது தெரிந்துவிடும். எல்லாம் சரியென்றால் டேப்பும் துணியும் சேரும் இடத்தில் தடித்த பேனாவால் குறுக்கே கையெழுத்துப் போடுவேன். பிரித்துக் கட்டினால் கையெழுத்துப் பொருந்தாது. பிறகு கையுறை, அதன் நாடா, நாடா மேல் டேப், அதிலும் என் கையெழுத்து. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிப் பார்ப்பது, முகத்தில் பூசுகிற வாசலினை மணந்து பார்ப்பது, கழிப்பறைக்குக் கூடவே போய் நிற்பது எல்லாம் எங்கள் வேலைதான்.

எனக்கு மேலே தலைமை ஆய்வாளராக இருந்தவர் கீத். என் பெயர் தேவா. முதல் நாளே அதை டேவ் ஆக்கிவிட்டார். நெட்டை மனிதர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டிருப்பார். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். கத்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் யாரிடமும் கேள்வி கேட்க மாட்டார். "கேட்டால் பதில் தயாரிக்க அவனுக்கு நேரம் கொடுக்கிறாய், டேவ். பார்" என்பார். ஒரு தடவை ஒரு வீரனின் காற்சட்டைக்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். கீத் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை; துள்ளும் கயிறு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, உடம்பைச் சூடாக்கிக்கொள்ளேன் என்றார். மூன்றாவது துள்ளலில் சின்ன மருந்துப் போத்தல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. கீத் அதைக் குனிந்து எடுத்து, மின்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனித் தராஸ். சோவியத் யூனியன் உடைந்த கொஞ்சக் காலத்தில் உக்ரைனிலிருந்து மெல்பேர்ணுக்கு வந்தவன். கூடவே பயிற்சியாளர் பெத்ரோ வந்தார். மாமன் முறை என்றார்கள். குள்ளமாக, கழுத்தே இல்லாத மனிதர். தராஸ் முதலில் எங்கள் அமெச்சூர் போட்டி ஒன்றில் புதியவர்கள் பிரிவில் பெயர் கொடுத்திருந்தான். இதுவரை எத்தனை சண்டை என்று மேசையில் கேட்டதற்குப் பெத்ரோ இரண்டு விரலைக் காட்டினார். அவன் வளையத்துக்குள் நடந்த நடையைப் பார்த்தவுடனேயே எனக்குச் சரியாகப் படவில்லை. புதியவன் ஓங்கி அடிக்கப் போவான், அடித்ததும் அங்கேயே நிற்பான். இவன் தொட்டுவிட்டு, எதிராளி திரும்புவதற்குள் பக்கத்துக்கு மாறி நிற்கிறான். தலைக் கவசத்துக்குள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எதிர்த்து வந்த ஸ்பிரிங்வேல் பையன் பாவம், காற்றோடு சண்டை பிடித்தான்.

முடிந்ததும் பெத்ரோவைப் பிடித்தேன். நாங்கள் பேசியது உடைந்த ஆங்கிலத்தில். என் தமிழில் தருகிறேன்.

"இவனுக்கு ரெண்டு சண்டைதானோ?"

"அவுஸ்திரேலியாவிலை ரெண்டு" என்றார் பெத்ரோ. "நீங்கள் அவுஸ்திரேலியாவிலை நிண்டுதானே கேட்டனீங்கள்."

அங்கே அவன் பட்டாளத்தில் சாம்பியன் என்று பிறகு தெரிந்தது. அன்றே பெத்ரோவை என் மனதில் ஒரு மூலையில் நிறுத்தி வைத்தேன். இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார், ஆனால் உண்மையைக் கேட்ட அளவுக்குத்தான் தருவார். பொய்யனைவிட அப்படிப்பட்டவர் எனக்கு அதிகப் பயம்.

அமெச்சூரில் மேல்பிரிவுக்கு மாறி, அங்கேயும் ஆளில்லாமல் செய்துவிட்டு, தராஸ் தொழில்முறைக்கு வந்தான். அவனுடைய முதல் தொழில்முறைச் சண்டைக்கு அறைக்குள் நான்தான். கட்டு, டேப், கையுறை எல்லாம் ஒழுங்கு. வாசலில் வந்து கூப்பிட்டார்கள். உடனே தராஸும் பெத்ரோவும் வாளி தூக்குகிறவனும் போய் சுவரோரம் கிடந்த நீள வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கண். அவர்கள் எழுந்ததும் ஓடிப்போய், முழங்காலில் நின்று வாங்கின் கீழே கைவிட்டுத் துழாவினேன். ஒரு பழைய சூயிங்கம் மட்டும் விரலில் ஒட்டியது.

தராஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பெத்ரோ சிரிக்கவில்லை. "பயணத்துக்கு முன்னம் கொஞ்சம் குந்தி இருக்கவேணும். இருந்திட்டுப் போனால்தான் திரும்பி வருவினம். எங்கடை ஊர் வழக்கம்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நாங்களும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறன்' என்று சொல்ல மாட்டோமே. வாய் தவறிச் சொன்னால் அம்மாமார் வாசலிலேயே மறித்து 'போட்டு வாறன் எண்டு சொல்லு' என்பார்கள். இதைத் தராஸிடம் சொன்னேன். அவன் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கி, வாயில் போட்டு உருட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு நான் உள்ளே நிற்கிற சண்டைக்கெல்லாம், வாங்கிலிருந்து எழுந்து என்னைக் கடந்து போகும்போது, "போத்து வாரன், டேவ்" என்பான். அந்த 'ட்டு' அவனுக்குக் கடைசி வரை வரவில்லை. அவனை எனக்குப் பிடித்திருந்தது. ஆய்வாளருக்கு அது நல்லதல்ல என்பதால் கட்டை இன்னும் ஒரு தரம் அமர்த்திப் பார்த்துக்கொள்வேன்.

சில வருடங்கள் இப்படிப் போயின. தராஸ் ஒன்றிரண்டில் தோற்றான், மற்றதெல்லாம் வென்றான். வயது முப்பதைத் தாண்டிய பிறகுதான் தேசியப் பட்டத்துக்கான சண்டை கிடைத்தது. எதிராளி மெல்பேர்ண் பையன், ஊரே அவன் பக்கம். தொலைக்காட்சிக்காக ஞாயிறு மத்தியானம் வைத்திருந்தார்கள். அன்று காலை மண்டப வாசலில் கீத் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கதை அடிபடுகிறது, டேவ். உன் உக்ரைன்காரன் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழப்போகிறான் என்கிறார்கள். உண்மையோ தெரியாது. அந்த அறை உனக்கு."

தராஸ் அப்படிச் செய்வானா? செய்ய மாட்டான் என்று நினைத்தேன். உடனே, இரண்டு விரல் காட்டிய பெத்ரோ ஞாபகத்துக்கு வந்தார்.

அன்றைய வளையோர மருத்துவர் டாக்டர் ஹமீது, காயல்பட்டினத்துக்காரர். காலையில் அவர் தராஸின் கண்ணில் வெளிச்சம் அடித்து, விரலால் மூக்கைத் தொடச் சொல்லி, எல்லாம் பார்த்து அனுமதி கொடுத்திருந்தார். நான் அறைக்குள் போனபோது மத்தியானம். உள்ளே நுழைந்ததுமே ஏதோ ஒன்று பிசகியிருந்தது. தராஸ் வழக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கையை நீட்டி வைத்துக்கொண்டுதான் கட்டுவான். அன்று சுவரில் சாய்ந்து நின்றபடி கையை நீட்டினான். பெத்ரோ சுற்றினார். முட்டி முட்டியாக அமர்த்தினேன், ஒன்றுமில்லை. இடுப்புப் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. போத்தல், வாசலின், வாளி, துவாய் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் அகப்படாதபோது என் சந்தேகம் குறைவதில்லை, கூடுகிறது. தராஸ் என்னோடு ஒரு பகிடிகூட விடவில்லை.

வாசலில் வந்து கூப்பிட்டார்கள். பெத்ரோ போய் வாங்கில் உட்கார்ந்தார். தராஸ் உட்காரவில்லை. இரண்டு கையுறையையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, "போவம், போவம்" என்றான்.

பெத்ரோ எழும்பவில்லை. தனியே இருந்து, தரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். கிழவர் எதையோ தன் உடம்பால் மறைக்கிறார் என்று பட்டது. குனிந்து வாங்கின் கீழே பார்த்தேன். இந்த முறை சூயிங்கமும் இல்லை.

திரும்பி வருவதற்காக உட்காருகிறவன் இன்று உட்காராமல் போகிறான். அப்படியென்றால் கதை உண்மை, இவன் விழப்போகிறான். வென்று திரும்பப்போவதில்லை என்பதால், வழக்கத்தை ஏமாற்ற மனம் வராமல்தான் நிற்கிறான் என்று கணக்குப் போட்டேன். கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் எனக்குப் போத்து வாரன் சொன்னவனா இவன்? வாசலில் போய் மறித்து நின்றேன்.

"இரு" என்றேன்.

"நேரம் போகுது, டேவ்."

"இருந்திட்டுப் போ."

"விடு என்னை!"

சத்தம் கேட்டுக் கீத் வந்தார். பின்னால் போட்டி நடத்துகிற முதலாளி, தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டு. என்ன பிரச்சினை என்று கீத் கண்ணால் கேட்டார்.

"இவன் இருக்கேல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. உட்காராமல் சண்டைக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கீத் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையில் வாளி வைக்கிற குட்டை ஸ்டூல் ஒன்று இருந்தது. அதைக் காலால் இழுத்துத் தராஸின் முன்னால் வைத்தார். "இரு, மகனே. கொஞ்ச நேரம்தான்."

இத்தனை பேர் பார்க்க மறுக்க முடியவில்லை. தராஸ் மெல்ல இறங்கி உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். எழும்போது அவனுடைய இடது கை, கையுறையோடு, பக்கத்தில் இல்லாத ஒரு சுவரைத் தேடியது. பெத்ரோ பாய்ந்து முழங்கையைப் பிடித்தார். அது இமை மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் கீத் பார்த்தார், நானும் பார்த்தேன்.

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. டாக்டரைக் கூட்டி வர ஓடினேன். வரும் வழியில் தமிழில்தான் சொன்னேன். அவசரத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது.

"டொக்டர், ஆள் எழும்பேக்குள்ளை சரிஞ்சு போறான். ஏதோ பிழை."

"காலைல நல்லாத்தானே இருந்தாரு. சில சமயம் மண்டைக்குள்ள ரத்தம் மெதுவாத்தான் கசியும், மணிக்கணக்குல மாறும். வாங்க, நான் பாக்குறேன்."

"அங்கே என்ன பேசுகிறீர்கள்? ஆங்கிலத்தில் பேசுங்கள்!" என்று முதலாளி பின்னாலிருந்து கத்தினார். இரண்டு கறுப்பர் தங்கள் பாஷையில் குசுகுசுத்தால் அதில் சதி இல்லாமல் இருக்குமா? வாழ்க்கை முழுதும் மற்றவர்களைச் சந்தேகித்தவனுக்கு அன்று அது திரும்பக் கிடைத்தது. நன்றாகவே உறைத்தது.

டாக்டர் தராஸை ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். தராஸ் மரம் சரிகிற மாதிரி இடது பக்கம் சரிந்தான். பிடித்துக்கொண்டோம். "முடிஞ்சுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

தராஸ் அழுதான். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினான். "உன்னை ஆர் வாங்கினது? சொல்லு, ஆர் வாங்கினது?" மண்டபத்துச் சனம் ஊளையிட்ட சத்தம் அறைக்குள் கேட்டது. அடுத்த நாள் பத்திரிகைக்காரர் ஒருவரும் ஏறக்குறைய அதையேதான் என்னிடம் கேட்டார்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கசிந்திருந்தது. பயிற்சியில் வாங்கிய அடி, யாருக்கும் சொல்லாமல் மறைத்திருக்கிறான். அன்று வளையத்தில் இன்னும் ஒரு நல்ல அடி விழுந்திருந்தால் அவன் எழும்பியிருக்க மாட்டான் என்று டாக்டர் ஹமீது பிறகு சொன்னார். ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தான். குத்துச்சண்டை அதோடு சரி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவன் மனைவி வாசலிலேயே வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். எனக்குப் பெத்ரோ மேல்தான் ஆத்திரம். தினமும் பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தேதான் கையைக் கட்டி அனுப்பப் பார்த்தார் என்று கீத்திடம் சொன்னேன். கீத் மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "நீ பார்த்ததை மட்டும் சொல், டேவ்" என்றார். நான் பார்த்ததாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் பெத்ரோ ஊரோடு போய்விட்டார்.

இந்த வருடம் ஓய்வு பெற்ற கையோடு, ஸ்பிரிங்வேலில் மீன் வாங்க நின்றேன். வழக்கம் போலச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. கனத்த கை. திரும்பாமலே யார் என்று தெரிந்தது. அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். குளிர் கண்ணாடியை வேறு கழற்றினேன்.

"மீன் நல்ல மீன், டேவ்" என்றான் தராஸ்.

பக்கத்துக் கோப்பிக் கடையில் இருந்தோம். உடம்பு வைத்திருந்தான், முன்தலையில் வடு. தரைக்கு ஓடு பதிக்கிற கடையில் வேலையாம். பேச்சு முன்னைவிட நிதானம். உன்னில் நெடுநாள் கோபமாக இருந்தேன், பிறகு மகள் பிறந்தாள் என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெத்ரோவைப் பற்றித்தான் கேட்டேன். இத்தனை வருடம் அடக்கி வைத்தது. "அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

தராஸ் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "தெரியும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அவரிட்டைச் சத்தியம் வாங்கினனான். அவர் சொல்லேல்லை, டேவ். ஆனா அண்டைக்கு அவர் தனிய வாங்கிலை இருந்தவர். நான் இருக்கேல்லை, இருந்தால் எழும்பேலாது எண்டு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் இருக்காட்டில் அவரும் பேசாமல் என்னோடை வந்திருக்கலாம். வந்திருந்தால் நீ ஒண்டும் கவனிச்சிருக்கமாட்டாய். அவர் இருந்து, உன்னைப் பார்த்தவர்."

நான் குனிந்து வாங்கின் கீழே பார்த்தது ஞாபகம் வந்தது. அந்த மனிதர் என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருடைய காலுக்கடியில் தேடியிருக்கிறேன்.

"நீ அவரைக் கேட்டனியோ?"

"போனிலை கேட்டனான். ஏன் இருந்தனீங்கள் எண்டு."

"என்ன சொன்னவர்?"

தராஸ் சிரித்தான். "வயசு போட்டுது, கால் நொந்தது எண்டவர்."

கேட்ட அளவுக்குத்தான் பதில். அவர் இருந்தது கண்ணால் எனக்குச் சொல்லவா, கால் நொந்தா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரவு படுத்தால் ஒரு பக்கம் புரளும்போது கண் என்று படும், மறுபக்கம் புரண்டால் கால் என்று படும். நிவேதா, அவர்களுடைய கேமரா அன்று அந்த அறையில் இருந்திருந்தால், ஒரு கிழவர் வாங்கில் இருந்ததை ஒழுங்காகப் படம் பிடித்திருக்கும். அவர் எங்கே பார்த்தார் என்பதும் அதில் இருந்திருக்கும். பார்க்கப்பட்ட ஆள்தான் அங்கே இருந்திருக்க மாட்டான்.

கோப்பி முடிந்தது. எழும்பப் போன என்னைத் தராஸ் கையமர்த்தினான். இருவரும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு அவன் எழுந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையைப் பார்த்தேன். அது மேசையையும் தேடவில்லை, சுவரையும் தேடவில்லை, பையைத் தூக்கிக்கொண்டது.

"போத்து வாரன், டேவ்."

"ஓம், போட்டு வா" என்றேன். சனத்துக்குள் மறையும் வரை அவன் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.